மின்னொலியை மீட்டல்

ஒரு வயலினின் ஒலி வேண்டுமெனில் மற்றொரு வயலினை எடுத்து வாசித்துவிடலாம். நல்ல வயலின், எளிய வயலின் என்னும் வேறுபாடு தெரியுமே தவிர, கேட்பவர் அதனை வயலின் என்றே அறிவர். 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வெளிவந்த மின்னிசைத் தட்டுகளின் நிலை அத்தகையதன்று. அவற்றில் கேட்கும் ஒலிகளிற் பெரும்பாலானவை அந்தப் பாட்டுக்கென்றே, அந்த நாளில், திருகுகளைத் திருப்பித் திருப்பி ஆக்கிக்கொள்ளப்பட்டவை. பாட்டு முடிந்ததும் திருகுகள் வேறிடம் சென்றன. இணைப்புக் கம்பிகள் பிடுங்கப்பட்டன. ஒலி, தட்டில் மட்டும் எஞ்சியது. அவ்வொலியை மறுபடியும் பிறப்பிக்க முயன்றோரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். கவிதை பயிலும் வட்டத்தின் மலரில் இதற்கென்ன இடம் என அன்பர் சிலர் வினவக்கூடும். சிதைந்த சுவடியிலிருந்து மூலபாடத்தைத் தேடும் தொழிலை மதிக்கக் கற்றவர்கள் நாம். இதுவும் அவ்வினத்தைச் சேர்ந்த தொழிலே.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. ராபர்ட் மோக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1964ஆம் ஆண்டில், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து, தம் சிந்தசைசரின் முதல் மாதிரியை உருவாக்கினார். அதன் அமைப்பு விளக்கத்திற்கு எளியது. அலையியற்றி மின்னலையை எழுப்பும். வடிப்பான் அவ்வலையிலுள்ள மேற்சுரங்களை வேண்டிய அளவிற்கு நீக்கும். பெருக்கி உரத்தை ஏற்றி இறக்கும். இம்மூன்றையும் ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலேறும் என்பது மோக் வகுத்த முறை.

இடர் இம்முறையிலேயே ஒளிந்திருந்தது. வோல்ட் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூடும்போது அதிர்வெண் இரு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு எனப் பெருகியாக வேண்டும். அப்பெருக்கத்தைச் செய்து தருவது டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரோ வெப்பத்திற்கு ஆடும் பொருள். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் மாறினால் அதன் அளவுகோல் ஏறத்தாழ 0.33 விழுக்காடு பிசகும். சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும், ஈடுசெய்யும் உறுப்பு இல்லாவிடில், அடிப்படைச் சுரத்திலிருந்து ஐந்து ஸ்தாயி தள்ளி நிற்கும் சுரம், அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு விலகிப்போகும். தம்பூரா அறிந்த காது இதனை உடனே கண்டுகொள்ளும்.

இத்தகைய கருவியொன்றைக் கொண்டுதான் 1977ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ என்னும் பாட்டு உருவாயிற்று. ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலட் ஆகிய இருவரும் அதன் தயாரிப்பாளர்கள். கடந்துபோன காலங்களின் இசைப்பாணிகளை நினைவூட்டும் பாட்டுகள் கொண்ட ஓர் இசைத்தொகுப்பின் இறுதியில், வருங்காலத்தின் இசை எப்படி இருக்கும் என்பதற்குச் சான்றாக அது வைக்கப்பட்டது. அரபெல்லா மாளிகையின் அடித்தளத்திலிருந்த மியூசிக்லாண்ட் ஒலிப்பதிவுக்கூடத்திற்கு, எபர்ஹார்ட் ஷோனர் என்னும் இசையமைப்பாளரின் பெரிய மோக் கருவி வந்து சேர்ந்தது. அதனுடன் ராபி வேடல் என்னும் உதவியாளரும் வந்தார். பாட்டின் புகழில் வேடலுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. ஒலிநாடாவின் ஒரு தடத்தில் சீரான துடிப்புகளை முதலிற் பதிந்து, அத்துடிப்புகளைக் கொண்டே கருவியை நடத்தும் வழியைக் காட்டியவர் அவர். அதனால், தனித்தனியே பதிந்த சுரவரிசைகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமர்ந்தன. அதுவரை அவ்வாறு அமர்த்துவது அரிதாக இருந்தது.

சுருதியோ நிற்கவில்லை. சில நொடிகள் பதிவதும், கருவி விலகுவதும், நிறுத்தி மறுபடி சுருதி சேர்ப்பதும், மீண்டும் பதிவதுமாகத் துண்டு துண்டாகவே அந்த அடிச்சுர வரிசை நாடாவில் ஏறியது. தாளத்தின் மெல்லிய உலோகச் சீறலும் உண்மையான தாளக்கருவியினுடையதன்று. வெள்ளிரைச்சலை வெட்டிச் செதுக்கிப் பெற்றது. அடிமுரசின் ஒலியை மட்டும் இயந்திரத்திலிருந்து நிறைவாகப் பெற இயலவில்லை. அதனைக் கீத் ஃபோர்சி என்னும் கலைஞரே காலால் இசைத்தார். இயந்திர இசையின் தொடக்கம் என்று எல்லாரும் சுட்டும் பாட்டின் நாடித்துடிப்பு ஒரு மனிதனின் காலிலிருந்து வருகிறது. இதனை மறந்து இயந்திரத்தைப் போற்றுவோர் பலர்.

இனி, அவ்வொலியை மீட்க விரும்பும் ஒருவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் செய்வது, அதே கருவியையோ அதன் சாயலையோ தேடுவது. கருவி கிடைத்து, சுரங்களைச் சரியாக அமைத்த பின்னும் ஒலி தட்டில் உள்ளதுபோல் வராது. காரணம் கருவிக்கு வெளியே இருக்கிறது. பாட்டைக் கலவை செய்கையில், அந்த அடிச்சுர வரிசை இடப்பக்கத்தில் வைக்கப்பட்டது. நொடியில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நேரம் பிந்திய அதன் எதிரொலி வலப்பக்கத்தில் வைக்கப்பட்டது. கருவி வாசித்தது பாதிச் சுரங்களையே. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தை எதிரொலி நிரப்பிற்று. கேட்போர் ‘குதிரைப் பாய்ச்சல்’ என வியந்த விரைவு அப்படிப் பிறந்தது. ஒரு பக்க ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கேட்டால் பாட்டு திடீரெனப் பாதி நடையில் நொண்டுவது தெரியும். விலையுயர்ந்த கருவியை வாங்கியவரைவிட, இதனைக் காதால் கண்டுகொண்டு, எளிய கருவியோடு ஓர் எதிரொலிப் பெட்டியை இணைத்தவர் மூலத்திற்கு நெருங்கிவிடுகிறார்.

மற்றொரு சிக்கல் நினைவைப் பற்றியது. 1970 முதல் 1981 வரை விற்பனைக்கு வந்த மினிமோக் என்னும் சிறு கருவிக்கு நினைவகம் கிடையாது. கருவியின் முகப்பை அச்சிட்ட தாளில் திருகுகளின் நிலையைப் பேனாவால் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1978ஆம் ஆண்டில் காரி நியூமன் என்னும் ஆங்கில இளைஞர் கித்தார் இசைத்தொகுப்பொன்றைப் பதிவதற்காகக் கேம்பிரிட்ஜிலுள்ள ஸ்பேஸ்வார்ட் கூடத்திற்குச் சென்றார். அங்கே யாரோ விட்டுச்சென்ற மினிமோக் ஒன்று கிடந்தது. கட்டையை அழுத்தினார். எவரோ முன்பு வைத்துவிட்டுப் போன அமைப்பில் அது முழங்கிற்று. அந்த முழக்கம் அவர் வழியை மாற்றிவிட்டது. மறு ஆண்டே அவருடைய இரு பாட்டுகள் பிரிட்டனில் முதலிடம் பெற்றன. அந்த முதல் அமைப்பை வைத்தவர் பெயர் தெரியாது. பெயரறியாப் புலவர்களைத் தொகைநூல்களில் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிக்காது.

நியூமனின் ‘கார்ஸ்’ பாட்டில் மிதந்து செல்லும் மேல்வரியின் கதை நேர்மாறானது. அது பாலிமோக் என்னும் பெருங்கருவியில் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தந்த ‘வாக்ஸ் ஹ்யூமானா’ என்னும் ஒலி. பொத்தானை அழுத்தினால் வரும். குறித்து வைக்க எதுவுமில்லை. ஆனால் பாலிமோக் பழுதாவதில் பெயர்போனது. அமைப்பு நிலைத்திருக்கிறது, அதனை ஒலிக்கும் உடல் அருகிப்போயிற்று.

திருகு நிலைகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் வசதி 1978இல் வெளிவந்த புராஃபெட்-5 கருவியில் கைகூடியது. கலிஃபோர்னியாவின் டேவ் ஸ்மித் அதனை வடிவமைத்தார். நாற்பது ஒலிகளை அது நினைவில் வைக்கும். ஆயினும் பாடபேதம் அங்கும் விடவில்லை. முதல் இரு பதிப்புகளில் ஒரு நிறுவனத்தின் சில்லுகளும், 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில் வேறொரு நிறுவனத்தின் சில்லுகளும் இருந்தன. ஒரே பெயர், ஒரே முகப்பு, இருவகை ஒலி. எது மூலம் என்ற வழக்கு இசைஞரிடையே நாற்பதாண்டுகள் நீடித்தது. ஸ்மித் 2022இல் மறைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் அவருடைய நிறுவனமே அக்கருவியை மறுபடியும் வெளியிட்டபோது, இருவகை வடிப்பான்களையும் உள்ளே வைத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ள ஒரு விசையையும் தந்துவிட்டது. இரு பாடங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட நேர்மையான பதிப்பாசிரியரின் செயல் அது.

1983ஆம் ஆண்டில் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்ததும் பழைய கருவிகள் மதிப்பிழந்தன. சுருதி விலகாத, எண்களால் இயங்கும் கருவி கையில் இருக்கையில், வெப்பத்திற்கு ஆடும் பெட்டியை யார் சுமப்பார்? பலர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டனர். அதே பெட்டிகளை இரண்டாம் கையாக வாங்கிய அடுத்த தலைமுறையினர் அவற்றின் ஒலியில் மயங்கினர், விலை ஏறிற்று. 1995இல் ஸ்வீடனின் கிளாவியா நிறுவனம் நார்ட் லீட் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலையியற்றியும் வடிப்பானும் அதனுள் கணக்குகளாகவே இருந்தன.

கணக்கால் மின்சுற்றைப் போலி செய்வது எளிதாக அமையவில்லை. மோக் 1969இல் காப்புரிமை பெற்ற ஏணி வடிவ வடிப்பானில், வெளியேறும் அலையின் ஒரு பகுதி உடனே நுழைவாயிலுக்குத் திரும்பிச் செல்லும். கணிப்பொறிக்கு ‘உடனே’ என்ற ஒன்று இல்லை. ஒரு கணக்கை முடித்த பிறகே அடுத்ததற்குச் செல்லும். நொடியில் 44,100இல் ஒரு பங்கேயான அந்தத் தாமதம், வடிப்பான் தானே பாடத் தொடங்கும் இடத்தைப் பிசகச் செய்துவிடும். ஸ்டில்சன், ஸ்மித் இருவரும் 1996இல் இச்சிக்கலை ஆராய்ந்து எழுதினர். பின்லாந்தின் ஹுவோவிலைனன் 2004இல், டிரான்சிஸ்டர் மிகையான அலையை எப்படி வளைத்து மழுக்குகிறது என்பதையும் கணக்கிற்குள் கொண்டுவந்தார். நாம் ‘கதகதப்பு’ என்று புகழும் குணத்தில் பெரும்பங்கு அந்த மழுக்கம்தான்.

எஞ்சியது சுருதியின் அசைவு. 110 அதிர்வெண்ணில் ஓர் அலையும் 111இல் மற்றோர் அலையும் சேர்ந்து ஒலித்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். இதற்கு நம் இயற்பியல் நூல்கள் வைத்திருக்கும் பெயர் ‘விம்மல்’. கலைச்சொல்லாக்கத்தில் இத்தனை அழகான சொல் பிறந்தது நம் பேறு. பழைய கருவிகளின் இரு அலையியற்றிகள் ஒன்றையொன்று விட்டு ஓயாமல் விலகிக்கொண்டிருந்ததால் அவற்றின் விம்மல் ஒருபோதும் ஒரே சீராக இருந்ததில்லை. இன்றைய மென்பொருள் சிலவற்றில், அந்த விலகலை எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கே ஒரு திருகு உண்டு. மியூனிக்கில் எதனை எதிர்த்து அத்தனை பேர் துண்டு துண்டாகப் பதிந்து போராடினார்களோ, அதனையே இன்று அளந்து சேர்க்கிறார்கள். இதனை நகையாட எனக்கு மனமில்லை. ஆனால் மொரோடரின் தட்டில் நாம் கேட்பது சுருதி விலகலை அன்று. விலகலை அடக்கிய உழைப்பை. அசைவை அளவின்றிக் கொட்டும் போலிகள் கருவியைப் படித்திருக்கின்றன, பாட்டைப் படிக்கவில்லை.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 தாள இயந்திரம் இதன் உச்சம். அதன் சீறும் ஒலிக்காகவே, பழுதானவை எனக் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கியதாக நிறுவனர் கக்கேஹாஷி பிற்காலத்தில் கூறினார். உற்பத்தித் தரம் உயர்ந்து அத்தகைய கழிவுகள் கிடைக்காமற்போகவே, 1983இல் கருவியும் நின்றது. சுமார் பன்னிரண்டாயிரம் மட்டுமே செய்யப்பட்டன. 2014இல் அதே நிறுவனம் அவ்வொலியைக் கணக்கால் மீட்டு டிஆர்-8 என வெளியிட்டது.

மொரோடரும் இம்முயற்சிகளைக் கண்டே முதுமை எய்தினார். 2013இல் டாஃப்ட் பங்க் என்னும் பிரெஞ்சு இருவர், தங்கள் இசைத்தட்டில் அவரையே பேச வைத்தனர். நாடாவில் துடிப்பைப் பதிந்து மோக்கை நடத்திய கதையை அதில் அவர் தம் குரலிலேயே சொல்கிறார். பேச அமர்ந்தபோது முன்னால் வெவ்வேறு காலத்து ஒலிவாங்கிகள் பல இருந்தனவாம். அவர் வாழ்வின் எந்தக் காலத்தைப் பேசுகிறாரோ அந்தக் காலத்து ஒலிவாங்கியில் பதிவதற்காக அவை வைக்கப்பட்டிருந்தன. இந்த வேறுபாடு யாருக்குக் கேட்கப்போகிறது என்று பொறியாளரை அவர் வினவினார். யாருக்கும் கேட்காது, அந்த இருவருக்குக் கேட்கும் என்று விடை வந்தது.