கில்கிட் ஓடையும் ஒரு டாக்டரின் கழுத்தும்

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் பற்றித் தேடிப் படித்தால் ராபர்ட் மெக்காரிசன் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். 1918-ல் அங்கே பெரிபெரி ஆய்வைத் தொடங்கியவர். அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்கு முந்தைய கதை ஒன்றால்.

1904-ல் அவருக்குக் கில்கிட்டில் வேலை. இப்போது பாகிஸ்தான் வசம் இருக்கும் மலைப்பகுதி. முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீங்கிக் கழுத்தில் தொங்கும் நோய், அங்கே சர்வ சாதாரணம். ஒரே ஓடையை நம்பி வரிசையாகச் சில ஊர்கள். மேல் ஊர் அழுக்காக்கிய தண்ணியைத்தான் கீழ் ஊர் குடித்தது. மெக்காரிசன் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். மேலே உள்ள ஊரில் சுமார் 12 சதவீதம் பேருக்குக் கழலை. கீழே போகப் போகக் கூடி, கடைசி ஊரில் 45 சதவீதத்தைத் தாண்டியது.

அடுத்து செய்ததுதான் துணிச்சல். அந்தத் தண்ணியை வடிகட்டி, தங்கிய கசடைத் தானும் குடித்தார், வேறு சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது, அவருக்கும்தான். கொதிக்க வைத்த கசடைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் காரணம் ஒரு கிருமி என்று முடிவு கட்டினார்.

கேட்க கச்சிதமா இருக்கு இல்லையா? ஆனால் தைராய்டில் அயோடின் இருப்பது 1890களிலேயே தெரிந்துவிட்டது. மலை மண்ணிலிருந்து மழையும் பனியும் அயோடினை அரித்துக்கொண்டு போய்விடும். அவர் தண்ணியில் இருப்பதைத் தேடினார். அடிப்படைச் சிக்கலோ அதில் இல்லாதது. 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அதைச் சோதித்தார்கள். அயோடின் உப்பு கொடுத்த இரண்டு பகுதிகளில் கழலை நன்றாகக் குறைந்தது, சாதா உப்பு கொடுத்த பகுதியில் குறையவில்லை. தண்ணியில் யாரும் கைவைக்கவே இல்லை.

அப்போ மெக்காரிசன் சொன்னது முழுத் தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. கொலம்பியாவின் காவ்கா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு வந்த பிறகும் கழலை நீடித்தது. எட்வர்டோ கைட்டான் அங்கே குடிநீரில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் கரிமச் சேர்மங்கள் இருப்பதைக் காட்டினார். நைட்ரேட்டும் பெர்குளோரேட்டும் வேறு வழியில் இடைஞ்சல் செய்யும். அயோடின் தைராய்டுக்குள் நுழையும் அதே வாசலில் போட்டிக்கு நிற்கும். உடம்பில் அயோடின் போதுமான அளவு இருந்தால் அந்தப் போட்டியை ஓரளவு சமாளித்துவிடலாம். இல்லாதவர்களுக்கு அதே தண்ணி பெரிய அடி. இன்னொன்று, இந்த இரண்டும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

சாப்ட்வேரிலும் இது நடக்கும். ஒரு பிழைக்கு ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவோம், இரண்டு காரணங்கள் கைகோத்திருப்பது கண்ணில் படாது.

இன்றைக்கு நம்ம வீடுகளைப் பாருங்க. தண்ணிக்குப் பயந்து ஆர்.ஓ. மாட்டுகிறோம். அதே சமையலறையில், இயற்கையானது என்று சொல்லி அயோடின் உப்பை எடுத்துவிட்டு அயோடின் சேர்க்காத இந்துப்பை வைக்கிறோம். மெக்காரிசனைப் போலவே, தண்ணியில் இருப்பதைப் பார்க்கிறோம். சாப்பாட்டில் இல்லாததைப் பார்ப்பதில்லை.