மகமை: கணக்கேட்டில் ஒரு வரி

வணிகத்தின் பெருமையைப் பேச வரும்போது நாம் பெரும்பாலும் தனிமனிதர்களின் கதையையே சொல்கிறோம். வெறுங்கையோடு ஊரைவிட்டுக் கிளம்பினார், உழைத்தார், உயர்ந்தார் என்று முடியும் கதை அது. நம் இலக்கியமும் வணிகரின் தனிப்பண்பைத்தான் மிகுதியும் பாடியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுவது நாம் அறிந்ததே. ஆனால் ஒரு வணிகச் சமூகம் தன் கணக்கேட்டில் பொதுவுக்கென்று ஒரு வரியை எப்படி எழுதி வைத்தது என்பதை அறிய வேண்டுமானால், கல்வெட்டுகளையும் அண்மைக்கால ஊர் வரலாறுகளையும்தான் நாட வேண்டியிருக்கிறது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் அந்த வரிக்குப் பெயர் மகமை. அவ்வட்டாரத்தின் தொழிற்சிறப்பை அளக்க அதுவே தக்க கோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையின் தெற்கே பனங்காடுகளிலிருந்து இராமநாதபுரத்துக் கரிசல் நோக்கி மாட்டுவண்டிகளில் வந்தவர்கள் நாடார் வணிகர்கள். கருப்பட்டியும் உப்பும் கருவாடும் அவர்களது தொடக்கச் சரக்குகள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் நிலைகொண்டார்கள். வழிப்பறி மிகுந்த காலம் அது. வண்டியையும் மாட்டையும் சரக்கையும் இரவில் காக்கச் சுற்றுச்சுவரும் கிணறும் கொண்ட பேட்டைகளை எழுப்பினார்கள். அவற்றைப் பராமரிக்க, வாங்கும் விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வணிகரும் ஒரு சிறு தொகையைத் தரவேண்டும் என்று உறவின்முறை விதித்தது. அதுவே மகமை. அரசன் விதித்ததன்று, தமக்குத் தாமே விதித்துக்கொண்டது.

இவ்வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. பல ஊர் வணிகர்களும் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவாகக் கூடி, உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, நூல் முதலிய சரக்குகள் ஒவ்வொன்றின் மீதும் இன்ன அளவு என்று வகுத்துக் கோயிலுக்கு அளித்த செய்தியை அது சொல்கிறது. அதைப் பட்டணப்பகுடி என்பார்கள். பெயர் வேறு, காலம் வேறு, பொருள் ஒன்றுதான். இலாபம் தனியுடைமை, அதன் ஒரு துளி பொதுவுடைமை.

மகமையின் தனிச்சிறப்பு அது பேட்டைச் சுவரைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததில் இருக்கிறது. பொருள் சேர்ந்தபோதும் அச்சமூகத்துக்கு மதிப்புச் சேரவில்லை. கமுதியில் 1897-இல் நடந்த கோயில் நுழைவு வழக்காகி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையே 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. பணத்தால் மட்டும் வாங்க இயலாத ஒன்று உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை 1889-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. மகமையோடு பிடியரிசியும் அதற்குத் துணைநின்றது. உலைக்கு அரிசி எடுக்கும் பெண்கள் நாள்தோறும் ஒரு பிடியைப் பள்ளிக்கென்று தனியே எடுத்து வைத்தார்கள். வணிகரின் கணக்கேட்டைப் போலவே அடுக்களையிலும் ஒரு பொதுக்கணக்கு இருந்தது என்பது நம் வரலாற்று நூல்கள் அழுத்திச் சொல்லாத செய்தி. அப்பள்ளியில் பயின்று, படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சிறுவன் பின்னாளில் முதலமைச்சராகி, 1956-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு தந்தார். காமராசரின் அத்திட்டத்தில் பிடியரிசியின் நினைவு கலந்திருந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இந்தக் கூட்டு வாழ்விலிருந்துதான் பெருந்தொழில்கள் கிளைத்தன. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட நாடார் வங்கி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் பெற்றது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த மண்ணில், வறண்ட காற்றையே மூலதனமாக்கிய தொழில் அது. சுவீடன் நாட்டு முதலீட்டில் 1923-இல் தொடங்கப்பட்ட விம்கோவின் எந்திரங்களுக்கு எதிரே சிவகாசி கைத்தொழிலாகவே நின்று வென்றது. தீப்பெட்டிக்கு வண்ணச்சீட்டு வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் வந்தது, பட்டாசும் வளர்ந்தது. குட்டி ஜப்பான் என்ற பெயரும் கிடைத்தது.

இவ்விடத்தில் வரலாற்றை மூடிவிட்டு மாலை சூட்டிவிடலாம். ஆனால் எந்திரத்தை வென்றது எவர் கை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சட்டத்தில் குச்சி அடுக்கியதும், பெட்டி ஒட்டியதும், அதில் குச்சி அடைத்ததும் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விடியுமுன் சுற்றுக் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பிக் குழந்தைகளைத் திரட்டிவந்த நிலையை 1980-களின் ஆய்வுகள் நாட்டுக்குச் சொல்லின. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசி தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறிப் பணியில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாயை நலநிதியில் செலுத்த வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை நான் மகமையின் வரலாற்றோடு சேர்த்தே வாசிக்கிறேன். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக மனமுவந்து எழுதிய வரி ஒன்று. ஊரார் பிள்ளைகளுக்காக நீதிமன்றம் எழுதவைத்த வரி மற்றொன்று. மகமை உறவின்முறையின் எல்லைக்குள் பிறந்தது. அதன் வலிமையும் அதுவே, குறையும் அதுவே. அந்நிதியால் வளர்ந்த பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பிற சமூகத்தார் இன்று பயில்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேரும்போதெல்லாம், மருந்து கலப்பவரின் உயிர் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி எழவே செய்கிறது.

தொழிற்சிறப்பைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறத்தைக் கணக்கின் ஓர் இனமாகவே எழுதப் பழகிய வணிக மரபு நமக்கிருந்தது. அதைவிடக் கொண்டாடத்தக்கது வேறில்லை. உறவு என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் அடங்குவர் என்பதை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எழுதியாக வேண்டும்.