திராவிடோசாரஸும் ஒரு குவிமாடத் தலை எலும்பும்

திராவிடோசாரஸ் என்பது தமிழ்நாட்டில் கிடைத்த சில புதைபடிவ எலும்புகளுக்கு 1979-ஆம் ஆண்டு சூட்டப்பட்ட பெயர். அது டைனோசர்தானா என்பதே இன்றும் வழக்கில் உள்ளது.

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை குன்றுகளாக நிற்கும் சார்னோகைட்டு, நைஸ் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை. டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன். எனவே பல்லவர் குடைந்த கல்லில் எலும்பு தேட வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் டைனோசர் காலத்து இலைப் பதிவுகள் உண்டு. எலும்புக்கு அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த அப்பகுதியில் கிரெட்டேசியக் காலத்தில் கடல் இருந்தது. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் நிறைந்த, ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுப் படிவில் ஒரு மண்டையோட்டின் பகுதி, ஒரு பல், தகடு போன்ற எலும்புகள் ஆகியவை கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் இவற்றை முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வகையாக அறிவித்தனர். அவ்வினம் அதற்கு வெகுகாலம் முன்பே அருகிவிட்டது என்று கருதப்பட்டதால் செய்தி பெரிதானது. 1996-இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் இவை பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் தேய்ந்த எலும்புகள் என மறுத்தனர். படிவு கடலடி மண் என்பதால் இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே 1979-இல் மடகாஸ்கரிலும் இப்படி ஒன்று நடந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த, குவிமாடம்போல் தடித்த ஒரு மண்டை எலும்புக்குச் சூயஸ், தாக்கே இருவரும் மஜுங்காதோலஸ் என்று பெயரிட்டனர். குவிமாடத் தலை டைனோசர்கள் வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே அறியப்பட்டவை. ஆகவே வடகண்டங்களுக்கும் தென்கண்டங்களுக்கும் நிலத்தொடர்பு இருந்ததாக வாதிட்டனர். ஒற்றை எலும்பின் மேல் ஒரு கண்டப் பாலமே கட்டப்பட்டது!

1996-இல் அதே தீவில் ஏறத்தாழ முழுமையான மண்டையோடு ஒன்று கிடைத்தது. நெற்றியில் குட்டைக் கொம்புடைய ஊனுண்ணி மஜுங்காசாரஸின் மண்டையோடு அது. பழைய ‘குவிமாடம்’ அந்தக் கொம்பின் அடிப்பகுதியே என 1998-இல் ஆய்வாளர்கள் காட்டினர். வடகண்டத் தொடர்பு பொய்த்தது. ஆனால் வேறோர் உறவு தெரிந்தது. குஜராத்தில் கிடைத்து 2003-இல் பெயர்பெற்ற ராஜசாரஸ் இதன் நெருங்கிய இனம். இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஒட்டியிருந்த நிலங்கள் அல்லவா!

திராவிடோசாரஸுக்கு அப்படி இரண்டாவது மண்டையோடு வாய்க்கவில்லை. தெளிவான ஓர் இடுப்பெலும்பு கிடைத்தாலும் போதும். டைனோசரின் இடுப்புக் குழியில் துளை இருக்கும். பிளீசியோசாரின் இடுப்பெலும்புகள் அகன்ற தட்டுகளாக இருக்கும்.

மடகாஸ்கர் எலும்பு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் பின்னாளில் ஒப்பிட முடிந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் பிருகத்காயோசாரஸின் எலும்புகள் பொடிந்து போயின. அவற்றைப் பற்றிப் பேச இன்று படங்களும் அளவுக் குறிப்புகளுமே உள்ளன.