முப்பது நொடி எண்ணின் கதை

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு பிறந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961-ல் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு அங்கே இயக்கிக் காட்டியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் நோண்டாமல் இருக்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அடுத்த வருடமே அது திருடு போய்விட்டது!

திருடியவர் வெளியாள் இல்லை, ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர். வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் அவருக்குக் கம்ப்யூட்டர் ஒதுக்கியிருந்தார்கள். போதவில்லை. பாஸ்வேர்டு கோப்பை அச்சிடச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை இரவு துளையிட்ட அட்டை ஒன்றைப் போட்டார். மறுநாள் விடிகாலையில் எல்லோருடைய பாஸ்வேர்டும் காகிதத்தில் தயார். (மாணவர்கள் எந்த நாட்டிலும் மாணவர்கள்தான்.)

இதில் இரண்டு கோளாறுகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, பாஸ்வேர்டு மாறுவதில்லை, ஒரு தடவை தெரிந்தால் போதும். இரண்டு, சரிபார்க்கிற இடத்திலேயே அதன் நகல் கிடக்கிறது.

இரண்டுக்கும் சேர்த்து வழி சொன்னவர் லெஸ்லி லாம்போர்ட், 1981-ல். ஒரு ரகசியத்தை, போகலாம் ஆனால் திரும்ப முடியாது என்கிற வகையான ஒருவழிக் கணக்கில் 1000 தடவை போடுங்கள். ஆயிரமாவது விடை மட்டும் சர்வரிடம் இருக்கட்டும். முதல் முறை நுழையும்போது 999-வது விடையைச் சொல்ல வேண்டும், அடுத்த முறை 998-வது. வந்த விடையை இன்னொரு தடவை கணக்கில் போட்டுப் பார்த்தாலே சர்வருக்குச் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். சர்வரைச் சுரண்டினாலும் திருடனுக்கு உபயோகமாக ஒன்றும் கிடைக்காது. அபாரமான யோசனை! பெல்கோர் நிறுவனம் பிற்பாடு இதை எஸ்/கீ என்ற பெயரில் செயல்படுத்தியது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறு குட்டி ஆங்கில வார்த்தைகளைத் தட்ட வேண்டும், ஆயிரமும் தீர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாமானியர்களுக்கு இது ஒத்துவரவில்லை.

ஒத்துவந்தது கடிகாரம்தான். கென்னத் வைஸ் 1984-ல் தொடங்கிய செக்யூரிட்டி டைனமிக்ஸ் நிறுவனத்தின் செக்யூர்ஐடி கருவி, பொதுவாக நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புது எண்ணைக் காட்டும். கருவிக்குள் ஒரு ரகசிய விதை, ஒரு கடிகாரம். சர்வரிடமும் அதே விதை, அதே நேரம். இரண்டும் தனித்தனியாகக் கணக்குப் போட்டாலும் ஒரே எண் வரும். கம்பெனிகள் இதை வாங்கிக் குவித்தன. ஆனால் லாம்போர்ட் கஷ்டப்பட்டு சர்வரிலிருந்து வெளியேற்றிய ரகசியம் இதில் மறுபடி சர்வருக்கே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, விதைகளின் நகல்களைத் தயாரிப்பாளரும் வைத்திருந்தார். பூட்டு விற்ற கடைக்காரர் எல்லாச் சாவிக்கும் ஒரு நகலைக் கல்லாவில் போட்டு வைப்பது போல!

இந்த நிறுவனம் 1996-ல் ஆர்.எஸ்.ஏ.வை வாங்கி, பிறகு அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. 2006-ல் இ.எம்.சி. அதை வாங்கியது. 2011 மார்ச்சில் கல்லா உடைந்தது. ஊழியர்கள் சிலருக்கு '2011 ஆள் எடுப்புத் திட்டம்' என்ற பெயரில் ஒரு எக்ஸெல் கோப்பு மின்னஞ்சலில் வந்தது. குப்பைப் பெட்டிக்குப் போயிருந்த அதை ஒருவர் மெனக்கெட்டு எடுத்துத் திறந்தார். அவ்வளவுதான். ஜூனில், மார்ச்சில் திருடு போன தகவல் லாக்ஹீட் மார்ட்டின் என்ற ராணுவத் தளவாட நிறுவனத்தைத் தாக்கப் பயன்பட்டது என்று ஆர்.எஸ்.ஏ. ஒப்புக்கொண்டு, கருவிகளை மாற்றித் தர முன்வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்தவை சுமார் 4 கோடி. இ.எம்.சி. கணக்கில் எழுதிய செலவு 6.6 கோடி டாலர். மின்னஞ்சலில் வந்த ஒற்றை எக்ஸெல் கோப்புக்கு ஆன செலவு அது.

இதற்கிடையே, யாருக்கும் சொந்தமில்லாத பொது முறை ஒன்றும் தயாராகிக்கொண்டிருந்தது. 2004-ல் சில நிறுவனங்கள் ஓத் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 2005 டிசம்பரில் வந்த முதல் தரநிலை (ஆர்.எஃப்.சி. 4226) கடிகாரத்தை நம்பவில்லை. பொத்தானை அழுத்த அழுத்த எண்ணிக்கை ஏறும். வீட்டுக் குழந்தை பத்து தடவை அழுத்திவிட்டால் சர்வர் பின்தங்கிவிடும்! எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தை வைத்த ஆர்.எஃப்.சி. 6238 வந்தது 2011 மே மாதம், ஆர்.எஸ்.ஏ. களேபரத்தின் நடுவில். இதைத்தான் டோட்-பி என்கிறோம்.

கணக்கு எளிது. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளை 30-ஆல் வகுத்து, வரும் முழு எண்ணை ரகசியத்தோடு சேர்த்து ஹெச்மேக் கணக்கில் போட்டால் 20 பைட் வரும். அதில் 4 பைட்டைப் பொறுக்கி, கடைசி ஆறு இலக்கங்களை எடுத்தால் எண் ரெடி. 2010-ல் வந்த கூகுள் ஆதென்டிகேட்டர் செயலியும் இதைத்தான் செய்கிறது. கூகுள் எங்கிருந்தோ எண்ணை அனுப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, நெட் இல்லாமலும் எண் வரும்.

முக்கிய மாற்றம் கணக்கில் இல்லை, ரகசியம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் பிறந்தது போய், ஒவ்வொரு தளமும் ஒவ்வொருவருக்கும் தானே ஒரு ரகசியத்தை உருவாக்கி, க்யூ.ஆர். கட்டமாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் பொதுவான கல்லா இல்லை. ஆனால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு சின்னக் கல்லா உண்டு.

டோட்-பியை அமைக்கும் வெப் புரோகிராமர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். முந்தைய, அடுத்த 30 நொடி எண்களையும் ஏற்று கடிகாரப் பிசகைச் சமாளிக்கிறார்கள், தப்பான முயற்சிகளுக்கு வரம்பு வைக்கிறார்கள், ஒருமுறை வந்த எண்ணை மறுமுறை ஏற்பதில்லை. எல்லாம் சரி. பிறகு ரகசியத்தை மட்டும் டேட்டாபேஸில் அப்படியே எழுதிவிடுகிறார்கள். பாஸ்வேர்டைப் போல இதை ஒருவழிக் கணக்கில் போட்டு வைக்கவும் முடியாது, ஏனென்றால் சர்வருக்கும் மூல ரகசியம் தேவை. மறையாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை அந்த டேட்டாபேஸுக்கு வெளியே வேறு இடத்தில்தான் வைத்தாக வேண்டும்.