சாக்குத் துணியில் இல்லாத பெயர்கள்

புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் பாட்டியிடம் ஓர் ஒட்டுப் போர்வை இருந்தது. கிழிந்த கைலி, நைந்த சேலை, மாவுப் பை என்று கிடைத்ததையெல்லாம் நாலைந்து அடுக்காக வைத்து ஓட்டத் தையல் போட்டது. நூலைச் சற்று இறுக்கி இழுத்தால் துணி சுருங்கி, தையலுக்கும் தையலுக்கும் நடுவில் மேடு தட்டும். விரலை ஓட்டினால் வரப்பும் வாய்க்காலுமாகத் தட்டுப்படும். வங்காளத்துக் காந்தாவிலும் வட கர்நாடகத்துக் கௌதியிலும் இதே உத்திதான்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் போர்வையை வாசிப்பார். "இது ஒங்க தாத்தா கைலி. இது ஒங்கம்மா பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பாவாட."

சாங்கிப் போர்வைகளைப் பற்றிப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் வேறு பகுதியில். கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதே பலருக்குத் தெரியாது. எத்தல் முல்வானி என்ற கனடியப் பெண் ஒரு வழி கண்டுபிடித்தார். மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லிப் போர்வை தைப்பது. ஒன்று பிரிட்டிஷாருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, ஒன்று ஜப்பானியருக்கு. ஜப்பானியருக்கும் ஒன்று என்றால் தடுக்கமாட்டார்கள் அல்லவா!

ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஆறு அங்குலம். அதற்குள் பூ, வீடு, சிறையறையின் உட்புறம் எல்லாம் வண்ண நூலில் எழும்பி நிற்கின்றன. பலவற்றில் தைத்தவரின் பெயர் இருக்கிறது. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்பதை நேராக எழுத முடியாத இடத்தில் பெயரே கடிதமாகிவிட்டது. இன்று இரண்டு போர்வைகள் கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன.

அதே ஆண்டுகளில் தோட்டத்துத் தமிழர்கள் என்ன உடுத்தினார்கள்? துணி வரத்து நின்றுபோனது. கோணிச் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். ஆண்களில் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. பாட்டியின் அப்பாவும் அதில் ஒருவர். "சாக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும்டா, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாப் போகும்" என்பார் பாட்டி. அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

சாங்கிப் பெண்கள் பட்டது சின்னத் துன்பம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பெயரைத் தைத்தார்கள். போர் முடிந்தபின் அதைப் பத்திரப்படுத்த நிறுவனங்கள் இருந்தன. நம் பெண்களின் சாக்கு உடம்பிலேயே மக்கிப்போனது. மிஞ்சியிருந்தாலும் எந்த அருங்காட்சியகம் கேட்டு வந்திருக்கும்? அது இருக்கட்டும், நாம் கேட்டோமா?

பாட்டி இறந்த மறு வருஷம் அந்தப் போர்வை எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? கிழிச்சு மோட்டார் தொடைக்க வெச்சிருந்தேனே."

கொட்டகையில் தேடினேன். எண்ணெய் கறுத்த ஒரு துண்டு கிடைத்தது. தையல் மேடுகள் இன்னும் விரலில் படுகின்றன. அது யாருடைய துணி என்று சொல்லத்தான் ஆளில்லை.