பிரதி இருந்த இடம்

கோணேசர் கல்வெட்டு என்று பெயர் பூண்ட நூல் கல்லில் இருந்ததன்று. ஓலையில் வாழ்ந்து வந்தது. கவிராஜவரோதயர் இயற்றியதாக வழங்கும் அந்நூல், குளக்கோட்டன் என்னும் மன்னன் திருக்கோணேசுவரத்துக்கு விதித்தனவாகச் சொல்லப்படும் ஒழுங்குகளையும், தானத்தார், வரிப்பத்தார் முதலிய தொழும்பாளர் இன்னின்ன கடமைக்கும் உரிமைக்கும் உரியர் என்பதையும், செய்யுளும் உரைநடையும் விரவ எடுத்துரைப்பது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியபோது, மெய்யாகவே கல்லில் பொறித்திருந்த சாசனம் கோட்டை வாயிலின் நிலைக்கல்லாயிற்று. இரட்டைக் கயல் சின்னத்தோடும் சிதைந்த சில வரிகளோடும் அதனைத் திருகோணமலைப் பிரெடரிக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். கல் துண்டுபட, செல்லுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இரையாகும் ஓலை தப்பியது. ஏடு நைந்து போகுமுன் அதனைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தமையே அதற்குக் காரணம். ஒரு வீட்டில் அழிந்த பிரதி மற்றொரு வீட்டின் பரணில் உயிரோடிருந்தது.

இந்த நுட்பத்தை ஒல்லாந்தர் நிர்வாக விதியாகவே ஆக்கினர். திருகோணமலைக் கோட்டையிலிருந்து எழுதப்பெற்ற கடிதங்கள் கொழும்புக்குச் செல்லும். கொழும்பிலிருந்து பிரதிகள் பத்தாவியாவுக்கும் ஒல்லாந்துக்கும் கப்பலேறும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுவ்ரெனும் இத்துறைமுகத்தை அடுத்தடுத்துக் கைப்பற்றினர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்த கோட்டை 1795 இல் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வாறு கொடி மாறிக்கொண்டேயிருந்த ஒரு கோட்டையில் ஒரே பிரதியை வைத்து அதையே நம்பியிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது என்ன? 1786 இல் இங்கே ஒல்லாந்தரின் தலைவராயிருந்த வன் செண்டன், கொட்டியாபுரம், தம்பலகாமம், கட்டுக்குளப்பற்று ஆகிய பகுதிகளைச் சுற்றிவந்து, குளங்களின் நிலையையும் வயல்களின் விளைவையும் ஊரவர் சொன்ன பழங்கதைகளையும் குறித்துவைத்த நாட்குறிப்பு, இம்மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கிடைத்தற்கரிய சான்றாக விளங்குகிறது. ஆட்சி செய்ய வந்தவன் தன் காரியத்துக்காக எழுதியதுதான். ஆனாலும் ஆளப்பட்ட மக்களின் சந்ததியார்க்கு அதுவே இன்று சொத்து. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணத் தொகுதியை, கொழும்பிலுள்ள பகுதியையும் சேர்த்து, யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தது.

ஆங்கிலேயர் காலத்தில் வேறொரு கேடு நேர்ந்தது. குடியேற்ற நாடுகளை விட்டுப் புறப்பட்டபோது அவர்கள் சில கோப்புகளை எரித்தனர். சிலவற்றை, பிரதி ஏதும் வைக்காமல், தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். பல்லாண்டு மறைவிலிருந்த அந்தக் கோப்புகள், இலங்கையைப் பற்றியன உட்பட, 2012 முதலே லண்டனில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன.

சுதந்திர இலங்கை இவ்விஷயத்தில் நல்ல சட்டங்களையே இயற்றியது. தேசியச் சுவடிக்கூடப் பணிப்பாளரின் அனுமதியின்றி அரசாங்க ஆவணங்களை அழித்தலாகாது என்று 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கணினியில் உள்ள ஆவணத்துக்கும் காகித ஆவணத்துக்குரிய மதிப்பை அளித்தது. 2016 ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டமோ, அந்நாளில் இருந்த ஆவணங்களைப் பத்தாண்டுக்கும், அதன்பின் உண்டாகும் ஆவணங்களைப் பன்னிரண்டு ஆண்டுக்கும் குறையாமல் பேணவேண்டும் என்று காலவரையறை செய்தது. ஆகவே காணி அனுமதி பற்றிக் கச்சேரிக்கு வரும் மின்னஞ்சலாயினும், சீனக்குடாவின் மா ஆலைக்குக் கோதுமை கொணரும் கப்பலைப் பற்றித் துறைமுக அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சலாயினும், அதனை உத்தியோகத்தர் ஒருவர் தம் அஞ்சற்பெட்டி நிரம்பிவிட்டதென்று துடைத்தெறிய உரிமையில்லை. அனைத்தையும் குவித்து வைக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. விருந்தழைப்பும் காணி உறுதியும் ஒரே குவியலில் கிடந்தால் வேண்டும்போது இரண்டும் அகப்படா. எது நிலைக்கத் தக்கது, எது தவணை கடந்ததும் கழிக்கத் தக்கது என்று முன்னரே வகுத்து எழுதிவைத்தல் வேண்டும்.

எனினும், 2023 ஓகஸ்ட் 26 அன்று அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கிய கணினித் தொகுதியில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் ரான்சம்வேர் என்னும் தீநிரல் புகுந்தபோது, அந்தச் சட்டங்களால் அஞ்சல்களைக் காப்பாற்ற இயலவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அந்த நாள் வரையிலான அஞ்சல்கள் மீளவில்லை. காப்புப் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதுவும் மூலத்தோடு இணைந்த வலையமைப்பிலேயே இருந்தமையால் மூலத்தோடு சேர்ந்து பூட்டுண்டது. தொலைவில் வைத்தலே பிரதியின் உயிர் என்பதைப் பாய்மரக் கப்பலை நம்பியிருந்த ஒல்லாந்த லிகிதர் அறிந்திருந்தார். பரணில் ஏட்டைக் கட்டிவைத்த கொட்டியாபுரத்துக் குடியானவரும் அறிந்திருப்பார். அந்த மூன்று மாதங்களில் தம் மேசைக்கு வந்த அஞ்சலை அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் கோத்து வைத்த எழுதுவினைஞர் எவரேனும் எந்த அலுவலகத்திலேனும் இருந்திருந்தால், அவர் அலுமாரியில் அந்தக் கடிதம் இன்றும் இருக்கும்.