அப்துல் அஸீஸின் இரண்டு ஆசனங்கள்

வட்டவளையில் தமிழ் வகுப்பு. மலையக இலக்கியப் பின்னணியைச் சொல்லும்போது, சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானதைக் குறிப்பிட்டு, அவரோடு சேர்ந்து உழைத்தவர் அஸீஸ் என்றேன். நம் பிள்ளை ஒருவன் எழுந்தான்.

"சேர், ஸாஹிராவில அதிபரா இருந்த அஸீஸ்தானே?"

அவனைக் குறைசொல்ல முடியாது. செனட்டர் ஏ. எம். ஏ. அஸீஸை நாம் வீட்டிலும் மேடையிலும் சொல்லித் தருகிறோம். தொழிற்சங்கத் தலைவர் மர்ஹூம் அப்துல் அஸீஸைச் சொல்வதில்லை.

குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் அவர். தமிழ் அவருக்குத் தாய்மொழியல்ல. 1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோது அதன் இணைச் செயலாளர்களில் ஒருவரானார். வர்த்தகர்கள் முன்நின்று தொடங்கிய அமைப்பு, அடுத்த ஆண்டே தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தையும் அமைத்து லயங்களுக்குள் போனது. அந்த வேலையில்தான் அவருடைய அரசியல் வளர்ந்தது.

1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். பின்னர் மஸ்கெலியா இடைத்தேர்தலில் வென்று அஸீஸும் பாராளுமன்றம் போனார். ஆனால் அதற்குள் காலடி மண் சரியத் தொடங்கிவிட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களது வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஒரு ஆசனமும் இல்லை. மக்கள் அவர்களை நிராகரிக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் மக்களே இல்லை.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் ரி. பி. ஜாயா. கல்விக்கு அவர் செய்த தொண்டை நன்றியோடு நினைக்கிறோம். இதையும் சேர்த்து நினைப்பதே நேர்மை. தமிழகத்திலிருந்து வந்து மலையகக் கடைவீதிகளில் பிழைத்த முஸ்லிம்களையும் அதே சட்டங்கள் தொட்டன.

ஆசனம் போனாலும் அஸீஸ் வீட்டில் இருந்துவிடவில்லை. தொண்டமானோடு ஏற்பட்ட பிளவுக்குப்பின் 1956இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களின் கையில் வாக்கு இருந்திருந்தால், அவர்களைக் கேட்காமல் அப்படி எண்ணியிருக்க முடியுமா?

1970இல் அஸீஸ் மறுபடியும் பாராளுமன்றம் போனார். இம்முறை நியமன உறுப்பினராக. மனிதர் அதே மனிதர், தோட்டங்களும் அதே தோட்டங்கள். ஆனால் முதல் ஆசனத்தை மக்கள் கொடுத்தார்கள், இரண்டாவதை அரசாங்கம் கொடுத்தது. அந்த ஆட்சிக் காலத்திலேயே தோட்டங்களில் பட்டினி வந்தது. மக்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பிழைப்புத் தேடிப் போனார்கள். அனுப்பியவர்கள் மக்களாக இருந்தால் ஓர் உறுப்பினரின் குரலுக்கு இருக்கும் கனம், நியமித்தவர்கள் ஆட்சியாளராக இருக்கும்போது வராது. அது அஸீஸ் என்ற தனிமனிதரின் குறையல்ல. வாக்குப் பறிப்பின் இரண்டாவது தண்டனை அது.

1988, 2003 சட்டங்களோடுதான் நாடற்றோர் பிரச்சினை முடிவுக்கு வந்தது. இன்று என் வகுப்பில் லயத்துப் பிள்ளையும் கடைவீதிப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். பதினெட்டு வயதில் இருவருக்கும் வாக்கு வரும்.

அந்தப் பிள்ளை கடைசியில் கேட்டான்: "அப்ப ரெண்டு அஸீஸ் இருந்தாங்களா சேர்?"

"ஆமா மகன். ரெண்டு பேரும் நம்மவங்கதான்."